அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்!

குட்டீஸ்... பள்ளி விட்டு வந்ததும், "இன்னிக்கு என்ன பாடம் நடத்தினாங்க?" என்று அம்மா கேட்டால், "ஒண்ணுமில்லே..." என்று சொல்லி, விளையாட ஓடி விடுவீர்கள்தானே!

நான் ஆசிரியராக இருந்தபோது, மூன்றாம் வகுப்பில் ஒரு மாணவன். ஏப்ரலில், தமிழ்ப் பாடத்தை மடமடவென்று வாசித்தான். ஜூனில் பள்ளி திறந்ததும், எழுத்துக் கூட்டித் திணறினான். லீவு முழுக்க, புத்தகத்தையே தொடவில்லையாம்!

அவன் அம்மாவை வரவழைத்தேன். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க. இவன் நல்லா வாசிச்சான்னு, நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியுது..." என்றார். எனக்குச் சுருக்கென்றது. அதை முன்பே சொல்லி அனுப்பாதது, என் தவறுதானே!

அன்றே அவனுக்கு ஒரு வேலை கொடுத்தேன். தினமும் ஒரு பக்கம், அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். கேட்பவருக்குப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. காது கொடுத்தால் போதும். சில வாரங்களில், "அப்புறம் என்னாச்சுடா?" என்று, அம்மாவே கதை கேட்க ஆரம்பித்து விட்டாராம். அடுத்த கோடை விடுமுறையிலும், அவன் வாசிப்பு நிற்கவில்லை.

கதைப் புத்தகத்துக்கு எங்கே போவது? உங்கள் ஊர் நூலகம் இருக்கிறதே! சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம், 1948ல், அன்றைய சென்னை மாகாணத்தில்தான் வந்தது. அதற்காகப் பாடுபட்டவர், சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன்.

இன்று மாலை, அம்மா கேட்கும் முன், நீங்களே போய்ச் சொல்லுங்கள்... "அம்மா, இன்னிக்கு வகுப்பில் என்ன படிச்சோம் தெரியுமா?"