பழைய ஜீப் வாங்கப் போகிறீர்களா?



சாலைக் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர், மகனுக்காகப் பழைய ஜீப் ஒன்று பார்த்திருப்பதாகச் சொல்லி என்னையும் துணைக்கு அழைத்தார். ரயில்வேயில் இரும்போடு பழகியவனாயிற்றே என்ற நம்பிக்கை! நெடுமங்காடு பக்கம் போனோம். மகிந்திரா எம்.எம். 540. புதுப் பெயிண்டு, பெரிய டயர்கள். பையனுக்கு ஒரே ஆனந்தம். நண்பரும் முன்பணத்தை எடுத்துவிட்டார்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி" என்று ஆர்.சி. புத்தகத்தை வாங்கினேன். என்ஜினில் இருந்த அழுக்கைத் துடைத்து எண்ணைப் பார்த்தால், புத்தகத்தில் உள்ள எண் அல்ல. வேறு என்ஜினைப் பூட்டிவிட்டுப் பதிவு செய்யாமல் விட்டிருக்கிறார்கள். பணம் பைக்குத் திரும்பியது.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரித்தவர் கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. சொந்த உபயோக வண்டிக்கு 15 வருடம் கடந்திருந்தால், பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து எண்கள் ஒத்த வேறொரு ஜீப் கிடைத்தது. பையன் பெரிய டயர் கேட்டான். நான் பிரேக் என்றேன். டயர் பெரிதானால் ஸ்பீடோமீட்டர் வேகத்தைக் குறைத்துக் காட்டும். பிரேக்குக்கு வேலை கூடும். பிரேக், ஸ்டீரிங் மூட்டுகள், சேஸிஸ் துரு ஆகியவற்றுக்கே முதல் செலவு செய்தோம்.

பையனுக்கு இன்னொன்றும் சொன்னேன். ரயிலில் இரு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுக்கப்பட்டவை. வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். சக்கரம் கூம்பாகச் சரிந்திருப்பதால் அது சமாளித்துவிடுகிறது. இந்த ஜீப்பில் நான்கு சக்கர இயக்கத்துக்கான லிவரைப் போட்டால், முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். திரும்பும்போது முன்சக்கரங்களுக்குத்தான் தூரம் அதிகம். சேற்றில் டயர் வழுக்கி விட்டுக்கொடுக்கும். காய்ந்த தார் ரோட்டில் அப்படி வழுக்காது. பல்சக்கரங்கள் முறுக்கேறிக் கெட்டுப்போகும். ஆகவே அந்த லிவர் சேற்றுக்கும் மணலுக்கும் மட்டுமே.

சென்ற மாதம் குடும்பத்தோடு பொன்முடி போய் வந்தார்கள். 22 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்த பையன், "மாமா, பிரேக் நினைத்த இடத்தில் நின்றது" என்றான். டயர் பேச்சை அவன் எடுக்கவே இல்லை.

நீங்களும் வாங்குங்கள். பெயிண்டைப் பிறகு பார்க்கலாம். முதலில் எண்ணைப் பாருங்கள்.