உடன்படிக்கைகள் உடையும் காலத்தில்



புதுதில்லியின் சாணக்கியபுரியில் ‘சாந்திபத்’ என்னும் அகன்ற சாலை ஒன்று உண்டு. அமைதியின் பாதை என்பது அதன் பொருள். பிழைப்பை நாடித் தலைநகருக்கு வந்த உங்களில் பலர் பேருந்தில் அவ்வழியே சென்றிருப்பீர்கள். அமெரிக்கா, ரஷ்யா, சீனா ஆகிய மூன்று வல்லரசுகளின் தூதரகங்களும் அச்சாலையில்தான் இருக்கின்றன. உலக அரங்கில் ஒன்றையொன்று ஐயத்தோடு நோக்கும் தேசங்கள் இங்கே அண்டை வீட்டாராய் வாழ்கின்றன.

“வல்லரசுகளின் போட்டி அரசாளுவோரின் காரியம், அன்றாடம் உழைத்து உண்ணும் நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?” என்று நீங்கள் கேட்கலாம். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மேல் படையெடுத்தபோது, அங்கு மருத்துவம் பயின்ற நம் பிள்ளைகள் நிலவறைகளில் பதுங்கிக் கிடந்ததை மறந்துவிட்டீர்களா? சுமார் 22,500 இந்தியர் அங்கிருந்து தாயகம் திரும்பினர். தில்லியில் வந்திறங்கிய தமிழ் மாணவர்கள் தமிழ்நாடு இல்லத்தில் தங்கி ஊர் திரும்பினர். எங்கோ மூண்ட தீயின் வெப்பம் நம் வீட்டு வாசல்வரை வந்தது.

வங்கக் கடலில் வந்த கப்பல்

இது இன்று தொடங்கியதன்று. 1971-ல் கிழக்குப் பாகிஸ்தானின் கொடுமைகளுக்குத் தப்பி ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தனர். அவ்வாண்டு ஜூலையில், அமெரிக்க அதிபர் நிக்சனின் ஆலோசகர் கிஸிஞ்சர் பாகிஸ்தான் வழியாக இரகசியமாய்ச் சீனா சென்றுவந்தார். அமெரிக்காவும் சீனாவும் நெருங்குவதைக் கண்ட இந்தியா, ஆகஸ்ட் 9 அன்று புதுதில்லியில் சோவியத் யூனியனுடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. இருவரில் ஒருவருக்கு ஆபத்து நேர்ந்தால் உடனே கலந்து ஆலோசிப்பது என்பது அதன் முக்கியமான ஷரத்து.

டிசம்பரில் போர் மூண்டது. உலகின் முதல் அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பலாகிய ‘என்டர்பிரைஸ்’ தலைமையில் அமெரிக்கக் கப்பற்படை வங்கக் கடலுக்குள் வந்தது. சோவியத் கப்பல்கள் அதைப் பின்தொடர்ந்தன. சென்னையின் கரையைத் தொடும் அதே கடலில், அணு ஆயுதம் படைத்த இரு வல்லரசுகளின் கப்பல்கள் ஒன்றையொன்று கண்காணித்தன. டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது, போர் முடிந்தது. அந்நாட்களில் ஒரு தளபதி மற்றவருடைய நோக்கத்தைத் தவறாகக் கணித்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

வல்லரசுப் போட்டியின் பெரிய ஆபத்து இங்கேதான் இருக்கிறது. போரை விரும்பித் தொடங்குவோர் சிலரே. மற்றவனுடைய மனதைத் தவறாக வாசித்து, அச்சத்தினால் முந்திக்கொள்ளுகிறவர்களாலும் போர் மூளும்.

துப்பாக்கிகள் மௌனமாயிருந்த இரவு

இந்த அச்சத்திற்கு அணைபோடுவதே உடன்படிக்கையின் வேலை. 1996 நவம்பர் 29 அன்று, சீன அதிபர் ஜியாங் ஜெமின் வருகையின்போது புதுதில்லியில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தூரத்திற்குள் இரு தரப்பாரும் சுடலாகாது, வெடி வைக்கலாகாது, துப்பாக்கியால் வேட்டையாடவும் கூடாது என்று அதில் எழுதப்பட்டது.

2020 ஜூன் 15 இரவில் லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் இரு படைகளும் மோதின. கற்களும் தடிகளும் இரும்புக் கம்பிகளும் ஆயுதங்களாயின. இந்திய வீரர் 20 பேர் உயிர்நீத்தனர். நம் இராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் அவர்களில் ஒருவர். தங்கள் தரப்பில் நால்வர் மாண்டதாகச் சீனா மறு ஆண்டு அறிவித்தது. அத்தனை கோபத்திலும் துப்பாக்கிகள் வெடிக்கவில்லை. தில்லியில் எழுதப்பட்ட அந்த ஒப்பந்தம் இருபது வீரரைக் காக்கவில்லை என்பது வேதனையே. ஆயினும், அணு ஆயுதம் படைத்த இரு தேசங்களுக்கிடையே அது ஒரு பெரும் போரைத் தடுக்கத் துணைநின்றது.

அடுத்த செப்டம்பரிலேயே அக்கோட்டில் எச்சரிக்கைக் குண்டுகள் சுடப்பட்டன. 45 ஆண்டுகளில் அங்கே துப்பாக்கி ஓசை கேட்டது அதுவே முதல்முறை. அணையில் விரிசல் விழுவது இப்படித்தான்.

மெலிந்துவரும் அணைகள்

1986 நவம்பரில் சோவியத் தலைவர் கோர்பச்சேவ் தில்லிக்கு வந்து, ராஜீவ் காந்தியுடன் அணு ஆயுதமற்ற, வன்முறையற்ற உலகுக்கான ‘தில்லிப் பிரகடனத்தில்’ கையெழுத்திட்டார். அடுத்த ஆண்டே அவரும் அமெரிக்க அதிபர் ரீகனும், 500 முதல் 5,500 கிலோமீட்டர் வரை பாயும் தரைவழி ஏவுகணைகளை அடியோடு ஒழிக்க ஒப்பந்தம் செய்தனர். 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. சில நிமிடங்களில் இலக்கைச் சென்றடையும் இவ்வகை ஏவுகணைகள் வரும்போது, யோசிக்கவும் விசாரிக்கவும் தலைவர்களுக்கு அவகாசம் இராது. ஆகவே அவற்றை ஒழித்தது உலகத்திற்கே கிடைத்த மூச்சு.

அந்த ஒப்பந்தம் 2019 ஆகஸ்டில் முறிந்தது. ரஷ்யா மீறியதாக அமெரிக்கா குற்றஞ்சாட்டியது, ரஷ்யா மறுத்தது. அதில் சேராத சீனாவோ ஏவுகணைகளைப் பெருக்கிக்கொண்டிருந்தது. இன்று உலகில் 12,000-க்கும் மேற்பட்ட அணு ஆயுதங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பங்கு அமெரிக்காவிடமும் ரஷ்யாவிடமும் இருக்கிறது.

ஆயினும் நம்பிக்கை அற்றுப்போகவில்லை. இந்தியாவும் பாகிஸ்தானும் 1988-ல் செய்த ஒப்பந்தத்தின்படி, ஒருவர்மேல் ஒருவர் தாக்கலாகாத அணு நிலையங்களின் பட்டியலை 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி முதல் நாளிலும் தில்லியிலும் இஸ்லாமாபாத்திலும் பரிமாறிக்கொள்ளுகின்றன. புத்தாண்டு ஆராதனை முடிந்து நாம் வீடு திரும்பும் அதே நாளில் இப்பணி நடக்கிறது. 1999-ல் கார்கில் போர் நடந்தது. அடுத்த ஜனவரியிலும் பட்டியல் கைமாறியது.

நாம் செய்யத்தக்கது

பிரியமானவர்களே, போர்ச் செய்தி வரும்போதெல்லாம் நாள் குறித்துப் பயமுறுத்தும் துண்டுச்செய்திகள் கைப்பேசியில் பறக்கின்றன. அவற்றை மற்றவருக்கு அனுப்பாதிருங்கள். அச்சமே போரின் முதல் படை. மணிப்பூரிலிருந்தும் நாகாலாந்திலிருந்தும் வந்து நம்மைப்போலவே தில்லியில் பிழைப்போரை, முகத்தைப் பார்த்துச் ‘சீனர்’ என்று இகழுகிறவர்கள் உண்டு. உங்கள் பிள்ளைகள் அச்சொல்லைக் கற்றுக்கொள்ளாதபடி காத்துக்கொள்ளுங்கள்.

குடும்ப ஜெபத்தில் தலைவர்களுக்காக மன்றாடும்போது, பெயர் தெரியாத இன்னொரு கூட்டத்தாரையும் நினையுங்கள். எதிரியோடு மேசையில் அமர்ந்து, சொல்லுக்குச் சொல் வாதாடி, ஒப்பந்தங்களை எழுதுகிற அதிகாரிகள் அவர்கள். அவர்கள் களைத்து எழுந்துவிட்டால், அந்த மேசைக்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் எல்லையில் நிற்கும் நம் பிள்ளைகள்.