கொல்லிமலை பஸ்சில் பாதி தலை வலிக்குதா? மாத்திரைக்கு முன்னாடி இதைச் செய்யுங்க!

நாமக்கல் மாவட்டம் காரவள்ளியில் இருந்து கொல்லிமலைக்கு ஏற 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்ட வேண்டும். ஆடி 18-க்கு அறப்பளீஸ்வரர் கோவிலுக்குப் போகிறவர்கள் சிலருக்கு பாதி வழியிலேயே குமட்டல் வந்து, ஒரு பக்கத் தலை விண் விண்ணென்று தெறிக்க ஆரம்பித்துவிடும். "பஸ் ஒத்துக்கல" என்று விட்டுவிடுவார்கள். ஆனால் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குத்தான் பஸ் பயணக் குமட்டலும் அதிகம் வரும். ஆண்களை விட பெண்களுக்கு இந்த வலி சுமார் 3 மடங்கு அதிகம்.

இதை அடியோடு ஒழிக்கும் மருந்து கிடையாது. ஆனால் அடிக்கடி வராமல் தடுக்கலாம். வேளா வேளைக்கு சாப்பாடு, தூக்கம், தண்ணீர். இதுதான் ரகசியம்!

* விடியற்காலையில் வெறும் டீயோடு வேலைக்குக் கிளம்பாதீங்க. பட்டினிதான் முதல் எதிரி. மலைவாழ் மக்கள் சாப்பிடும் ராகி களியும் கீரையும் நல்லது. இவற்றில் உள்ள மெக்னீசியம் சத்து சிலருக்கு வலியைக் குறைக்கிறது.

* லீவு நாளிலும் ஒரே நேரத்தில் படுத்து, ஒரே நேரத்தில் எழுந்திருங்க.

* கொல்லிமலை காபி ருசிதான். ஆனால் தினம் 2 டம்ளரோடு நிறுத்துங்க. திடீரென்று அடியோடு விட்டாலும் தலை வலிக்கும்.

* பஸ்சில் முன் சீட்டில் உட்கார்ந்து தூரத்தில் பாருங்க. செல்போனைப் பார்க்காதீங்க.

* ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். உச்சி வெயிலில் இறங்கி ஏறாதீங்க. தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கையில் இருக்கட்டும்.

* வலி வந்த நாளில் என்ன சாப்பிட்டோம், எப்போ தூங்கினோம் என்று காலண்டரில் குறிச்சு வைங்க. எதனால் வருகிறது என்று தெரிந்துவிடும்.

மலையில் விற்கும் முடவாட்டுக்கால் சூப்பை மூட்டு வலிக்குத்தான் குடிக்கிறார்கள். தலைவலிக்கு அதை நம்பி இருக்காதீங்க. கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரையிலும் உஷார்! மாதத்தில் 10, 15 நாள் என்று மாதக்கணக்கில் போட்டால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். மாதம் 4 நாளுக்கு மேல் வலி வந்தால் டாக்டரிடம் போங்க. வராமல் தடுக்கும் மாத்திரைகளும் இருக்கு.

திடீரென இடி விழுந்தது போல வலி, பேச்சு குழறல், கை கால் மரத்துப் போவது, காய்ச்சலோடு கழுத்து இறுகுவது... இதில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம். உடனே 108-க்கு போன் பண்ணுங்க!