கம்பத்து மலைமாடுகள்

தல்லாகுளத்துப் பொதுப்பணித்துறை அலுவலகத்தில் பென்னிகுக் துரையின் சிலை நிற்பதை நம் மாணவர் அறிவர். 1895-ஆம் ஆண்டில் அவர் கட்டி முடித்த பெரியாற்று அணையினின்று, மலையைக் குடைந்த வழியே வரும் நீர் வைகையிற் கலந்து நம் பக்கத்து வயல்களை அடைகின்றது. அந்நீர் வரும் திசையை நோக்கிப் பிரயாணம் செய்ய எங்களுக்கு நெடுநாளாய் ஆவலுண்டு. ஆகவே சென்ற மாட்டுப்பொங்கலை ஒட்டிக் கம்பத்திற்குப் புறப்பட்டோம். நீரைக் காணச் சென்று மாட்டைக் கண்டு மீண்டோம் என்பதே உண்மை.

உசிலம்பட்டியைக் கடந்து ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ் ஏறி இறங்கியதும் நாட்டின் தோற்றமே மாறிவிடுகிறது. தேனிக்கு அப்பால் இருபுறமும் மலைகள் நெருங்கி வருகின்றன. இடையே நெல்லும், தென்னையும், பன்னீர்த் திராட்சைப் பந்தல்களும் பசுமையாய்க் கிடக்கின்றன. கம்பம் சிறிய ஊரே. எனினும் அவ்வூர் நந்தகோபாலசுவாமி கோயிலைச் சார்ந்த தம்பிரான் மாட்டுத் தொழுவிற்கு மாட்டுப்பொங்கலன்று சுற்றுப்புறத்து ஜனங்கள் திரள்திரளாய் வந்து பசுக்களை வணங்குகின்றனர்.

நிற்க. மலைமாடு என்பது வீட்டுக் கொட்டிலில் கட்டித் தீனி போட்டு வளர்க்கும் மாடன்று. கூட்டமாய் மலையடிவாரக் காட்டில் மேய்ந்து, மாலையில் தொழுவிற்குத் திரும்புவது. பால் சொற்பம், அதுவும் பெரும்பாலும் கன்றுக்கே போய்விடும். அப்படியாயின் இதனால் வரும் ஊதியம் யாது? சாணமே! காட்டிலே பல்வேறு தழைகளை மேய்ந்த மாட்டின் எருவைத் திராட்சைத் தோட்டக்காரரும், மலைக்கு அப்பாலுள்ள கேரளத்து ஏலத்தோட்டக்காரரும் விரும்பி வாங்குகின்றனர். காளைக்கன்றுகள் உழவுக்கும் ஜல்லிக்கட்டிற்கும் போகின்றன.

ஆகவே காடில்லையேல் இம்மாடில்லை. 1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்தின்கீழ் மேய்ப்பவர்கள் கட்டணம் செலுத்திச் சீட்டுப் பெற்று மேய்த்து வந்தனர். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமும் மேய்ச்சலை ஓர் உரிமையாகக் கூறுகிறது. ஆயினும் 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஏற்பட்டது. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் முதலில் மாநிலத்துக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடுத்துப் பின்னர் அம்மாதத்திலேயே அத்தடையைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டது. கம்பத்தார் மாடு மேய்த்த மலையோ காப்பகத்திற்குள் அகப்பட்டது.

புலியைக் காப்பது வேண்டாமென நாங்கள் சொல்லவில்லை. அக்காடு அழியின் வைகைக்கு ஊற்று ஏது? மாட்டுநோய் காட்டுவிலங்கைத் தொற்றும் என்பதும் மெய்யான அச்சமே. ஆனால் அமெரிக்க நாட்டின் மேற்குப் பகுதியை நோக்குக. மான்டானா, வையோமிங் முதலிய மாகாணங்களில் ராக்கி மலையடியில் கம்பத்தை ஒத்த மாட்டூர்கள் பலவுண்டு. குளிர்காலத்தில் பள்ளத்தாக்கில் உலர்புல் தின்ற மாடுகள் கோடையில் மலைக்காட்டிற்கு ஏறுகின்றன. 1906 முதல் அங்கே வன இலாகாவினர் கட்டணம் வாங்கி, இத்தனை மாடு, இத்தனை மாதம் என வரையறுத்துச் சீட்டு வழங்கி வருகின்றனர். அதிலும் வழக்கும் சச்சரவும் ஓய்ந்தபாடில்லை. எனினும் கதவு அடியோடு அடைபடவில்லை. எண்ணிக்கையைக் குறைப்பது வேறு, இல்லையென்பது வேறு என்பதே எங்கள் கருத்து.

தொழுவண்டை முதியவர் ஒருவர் எங்களை ஊர் விசாரித்தார். தல்லாகுளம் என்றோம். "தமுக்கம் மைதானம் இருக்கிற இடந்தானே, தம்பி? 2017 தை மாதத்தில் காளைக்காகப் பிள்ளைகள் எல்லாம் இரவு பகலாய் அங்கே உட்கார்ந்திருந்தார்களே!" என்றார். ஆமென்று சற்றுப் பெருமையுடனேயே சொன்னோம்.

"நல்லது. அந்தக் காளையின் தாய் எங்கே மேய்கிறதென்று யாராவது கேட்டார்களா?"

நாங்கள் விடை சொல்லுமுன் மாடுகள் திரும்பிவிட்டன. முன்பு எத்தனை இருந்தன ஐயா என்றோம். அவர் தொழுவின் வெறுமையான பாதியைக் கையாற் சுட்டிவிட்டுக் கன்றுகளை அவிழ்க்கப் போனார்.