பதினாறே கால் ரூபாய்ப் பாதுகாப்பு

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு மழைக்கால இரவு. நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிந்தது. வால்வை மூடுவதற்காக இரும்பு ஏணியில் ஏறிய காவலாளி வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. அவருக்கு வயது 61. அப்போது குடியிருப்போர் நலச் சங்கத்தின் பொருளாளராக இருந்தவன் நான்.

காவலர்களை அனுப்பும் நிறுவனத்தைத் தொடர்புகொண்டபோது, 'இ.எஸ்.ஐ. இருக்கிறது சார், கவலைப்படாதீர்கள்' என்றார் மேலாளர். விசாரித்ததில், அந்தக் காவலாளியின் பெயர் பதிவு செய்யப்படவே இல்லை என்று தெரிந்தது. மாதந்தோறும் எங்களுக்கு வந்த பில்லில் 'இ.எஸ்.ஐ.' என்று ஒரு வரி இருந்தது. அதற்கான தொகையும் சேர்த்துக் காசோலையில் கையொப்பமிட்டவன் நான்தான்.

வீட்டுக்கு வீடு பணம் திரட்டி அவருடைய மகனிடம் கொடுத்தோம். அவர் கைகூப்பிப் பெற்றுக்கொண்டார். நல்லது செய்துவிட்ட நிறைவோடு நாங்களும் கலைந்தோம். பல்லாண்டுகள் கல்லூரியில் பொருளியல் கற்பித்த எனக்கு அன்று உறைக்காதது பின்னர்தான் உறைத்தது. அவருக்கு உரிமையாகச் சேர வேண்டியதை நாங்கள் தானமாகக் கொடுத்திருந்தோம்.

வேலையில் காயமடையும் காவலாளிக்குச் சட்டம் இரண்டு வழிகளை வைத்திருக்கிறது. ஒன்று, 1948-ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம் வகுத்த வழி. மற்றொன்று, 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வகுத்த வழி. இவ்விரு சட்டங்களும் 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இணைக்கப்பட்டுவிட்டன. எனினும், அவற்றின் அடிப்படை அமைப்பு மாறவில்லை.

முதல் வழியில், பத்துப் பேருக்குக் குறையாமல் பணியாற்றும் நிறுவனம், மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்குச் சந்தா செலுத்த வேண்டும். வேலையளிப்பவரின் பங்கு ஊதியத்தில் 3.25 சதவீதம், தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம். பணியில் காயமடைந்தவருக்கு மருத்துவச் சிகிச்சையும், வேலைக்குத் திரும்பும் வரை ஊதியத்தில் 90 சதவீதமும் கிடைக்கும். உயிரிழந்தால் குடும்பத்துக்கு மாத ஓய்வூதியம் உண்டு.

இரண்டாவது வழி, இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வராதவர்களுக்கானது. வரம்பைத் தாண்டிய ஊதியம் பெறும் மேற்பார்வையாளர், துப்பாக்கி ஏந்திய வங்கிக் காவலர், பத்துப் பேருக்கும் குறைவானோரை வைத்து நடத்தப்படும் சிறு நிறுவனத்தின் ஊழியர் ஆகியோர் இதில் அடங்குவர். இங்கு இழப்பீடு வழங்கும் பொறுப்பு நேரடியாக வேலையளிப்பவருடையது. மரணம் நேர்ந்தால், மாத ஊதியத்தில் பாதியை வயதுக்கேற்ற ஒரு காரணியால் பெருக்க வேண்டும். 2020 ஜனவரி முதல் இந்தக் கணக்குக்கான ஊதிய உச்சவரம்பு 15,000 ரூபாய். 60 வயதுக்கான காரணி 117.41 என்பதால், அந்த வயதில் இறப்பவரின் குடும்பத்துக்கு 8,80,575 ரூபாய் சேர வேண்டும். 40 வயதுக்கான காரணி 184.17, தொகை 13,81,275 ரூபாய்.

1923-ஆம் ஆண்டுச் சட்டம் இழப்பீட்டைக் கட்டாயமாக்கியதே தவிர, அதற்காகக் காப்பீடு எடுப்பதைக் கட்டாயமாக்கவில்லை. ஒரு சிறிய காவல் நிறுவனத்தின் சொத்து என்ன? ஒரு வாடகை அறை, சில மேசைகள், சீருடைகள். ஏறத்தாழ ஒன்பது லட்சம் ரூபாய்க்கு அது எங்கே போகும்? காப்பீடு இல்லாத இடத்தில் இழப்பீட்டு உரிமை பெரும்பாலும் தாளிலேயே தங்கிவிடுகிறது.

செலவு அப்படி என்ன பெரிது என்று கணக்கிட்டுப் பார்த்தேன். மாத ஊதியம் 15,000 ரூபாய் என்றால், வேலையளிப்பவர் செலுத்த வேண்டிய இ.எஸ்.ஐ. பங்கு 487 ரூபாய் 50 காசு. நாளொன்றுக்குப் பதினாறே கால் ரூபாய். கடையில் ஒரு தேநீரின் விலை. நான்கு காவலர்களுக்கு மாதம் 1,950 ரூபாய். அறுபது வீடுகள் பகிர்ந்துகொண்டால், வீட்டுக்கு முப்பத்திரண்டரை ரூபாய்.

இவ்வளவு சிறிய தொகையை ஏன் மிச்சப்படுத்துகிறார்கள்? காவல் பணியில் ஊதியமே பெருஞ்செலவு. நிறுவனத்துக்கு மிஞ்சும் சேவைக் கட்டணம் சொற்பம். ஊதியத்தில் 3.25 சதவீதம் என்பது அந்தச் சொற்ப லாபத்தில் கணிசமான பங்கு. நூறு காவலர்களை வைத்திருப்பவருக்கு அது மாதம் 48,750 ரூபாய். மிகக் குறைந்த விலை கேட்பவருக்கே ஒப்பந்தம் என்னும்போது, சந்தாவை முழுமையாகச் செலுத்துபவர் தோற்கிறார். பத்துப் பேருக்குச் செலுத்தி நூறு பேரை அனுப்புபவர் வெல்கிறார்.

பழைய கார் சந்தையை உதாரணமாகக் கொண்டு இதே நிலையை 1970-இல் விளக்கியவர், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளியலறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப். நல்ல சரக்கையும் கெட்ட சரக்கையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாவிட்டால், கெட்ட சரக்கு நல்லதைச் சந்தையிலிருந்து விரட்டிவிடும் என்றார் அவர். வாயிலில் நிற்கும் இரு காவலர்களில் யாருக்குக் காப்பீடு இருக்கிறது என்பது சீருடையைப் பார்த்தால் தெரியாது.

காவல் நிறுவனங்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. காவலருக்கு மாதந்தோறும் ஊதியம் கொடுத்தாக வேண்டிய நிறுவனத்துக்கு, வாடிக்கையாளர் மாதக்கணக்கில் பணம் தராமல் இழுத்தடிப்பதும் உண்டு. சட்டப்படியான செலவைக் கூட்டினாலே எட்டாத விலைக்கு ஒப்பந்தம் கேட்கும் நம்மைப் போன்றவர்களுக்கும் இந்தக் குற்றத்தில் பங்குண்டு. மூன்று விலைப்புள்ளிகளில் மிகக் குறைந்ததைத் தேர்ந்தெடுத்ததற்காக ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கைதட்டல் வாங்கியவன் நான்.

ஏமாற்றுவதால் பொறுப்பு நீங்கிவிடுவதும் இல்லை. இழப்பீட்டை ஒரு மாதத்துக்கு மேல் தாமதித்தால் 12 சதவீத வட்டியும், தொகையில் பாதி வரை அபராதமும் விதிக்க 1923-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. காப்பீட்டு நிறுவனம் வட்டியை ஏற்க வேண்டியிருந்தாலும், அபராதத்தை வேலையளிப்பவரே சுமக்க வேண்டும் என்று 1997-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இறந்தவரின் குடும்பத்திடம் சிறுதொகையைக் கொடுத்து 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதி வாங்குவது செல்லாது. இழப்பீட்டை உரிய அதிகாரியிடமே செலுத்த வேண்டும். இ.எஸ்.ஐ. சட்டத்தின் கீழ் வரும் தொழிற்சாலையோ மருத்துவமனையோ, ஒப்பந்தக் காவலருக்கான சந்தாவைத் தானே செலுத்தி ஒப்பந்ததாரரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். அன்று எனக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. நிறுவனம் சந்தா கட்டத் தவறினால் தொழிலாளியின் உரிமை அழிந்துவிடாது. அவருக்குரிய பயனை வழங்கிவிட்டு, தவறியவரிடம் அதை வசூலிக்க இ.எஸ்.ஐ. கழகத்துக்கு அதிகாரம் உண்டு. எங்கள் காவலாளிக்கு இதை எடுத்துச் சொல்ல ஆளில்லை.

உரிமை இருந்தும் அது எவ்வளவு தாமதமாக வந்து சேரும் என்பதற்கு மகாராஷ்டிரத்தில் ஒரு சான்று உண்டு. ஒரு சர்க்கரை ஆலையின் காவலாளி, அதிகாலை 3 மணிப் பணிக்காக மோட்டார் சைக்கிளில் சென்றபோது, ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் முன்பாக விபத்தில் இறந்தார். அது 2003 ஏப்ரல். இழப்பீட்டு ஆணையர் 3,26,140 ரூபாய் வழங்க உத்தரவிட்டார். வீட்டிலிருந்து வரும் வழியில் நேர்ந்தது பணி விபத்து ஆகாது என்று 2011-இல் மும்பை உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பணிக்குச் செல்லும் பயணத்துக்கும் பணிக்கும் தொடர்பிருந்தால் இழப்பீடு உண்டு என்று உச்சநீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்து, ஆணையரின் உத்தரவை மீட்டது. இடையில் கழிந்தவை 22 ஆண்டுகள். புதிய சட்டத் தொகுப்பு இந்தப் பாதுகாப்பை வெளிப்படையாகவே எழுதி வைத்திருப்பது, இரவுப் பணிக்குப் போய்வரும் காவலர்களுக்குப் பெரிய ஆறுதல்.

பணம் கொடுப்பவர்கள் செய்யக்கூடியவை எளியவை. பதிவுச் சான்றிதழின் நகலைக் கண்டு திருப்தியடையக் கூடாது. அது நிறுவனத்துக்குப் பதிவு உண்டு என்று மட்டுமே சொல்லும். நம் வாயிலில் நிற்பவரின் பெயரும் காப்பீட்டு எண்ணும் அடங்கிய மாதாந்திரச் சந்தாப் பட்டியலைக் கேட்க வேண்டும். வரம்பைத் தாண்டியவர்களுக்கு இழப்பீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தைப் பார்க்க வேண்டும். அதில் குறிக்கப்பட்ட ஆள் எண்ணிக்கையும் ஊதியமும் உண்மையானவையா, மருத்துவச் செலவு அடங்கியுள்ளதா என்று சரிபார்க்க வேண்டும். விலைப்புள்ளி கோரும்போது, ஊதியத்தையும் சட்டப்படியான செலவுகளையும் முன்கூட்டியே நிர்ணயித்துவிட்டு, சேவைக் கட்டணத்தில் மட்டும் போட்டியை அனுமதிக்கலாம். அப்போது நேர்மையான நிறுவனம் தோற்க வேண்டியிருக்காது.

எங்கள் குடியிருப்பில் இப்போது வேறொரு நிறுவனம் காவல் பார்க்கிறது; கட்டணம் சற்று அதிகம். பட்டியல் மாதந்தோறும் வருகிறது. அன்று விழுந்தவர் மீண்டும் வேலைக்கு வரவில்லை.

அடுத்த மாத பில் உங்கள் சங்கத்துக்கோ அலுவலகத்துக்கோ வரும்போது, இ.எஸ்.ஐ. என்ற வரிக்கு எதிரே உள்ள தொகையோடு நின்றுவிடாதீர்கள். அது யார் பெயரில் செலுத்தப்பட்டது என்று கேளுங்கள்.