எலும்புக்கு எடை பிடிக்கும், தெரியுமா?

மாதவிடாய் நின்றதும் சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடும். அதோடு பெண்ணுடலில் ஈஸ்ட்ரோஜனே இல்லை என்று நினைக்கிறீர்களா? இல்லவே இல்லை! நாம் கண்ணாடி முன் நின்று திட்டித் தீர்க்கிறோமே, அந்த இடுப்புக் கொழுப்பும் தொடைக் கொழுப்பும் அந்த வேலையைக் கொஞ்சம் கையில் எடுத்துக்கொள்கின்றன. சிறுநீரகங்களுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அனுப்பும் ஒரு ஹார்மோனைக் கொழுப்புத் திசுவில் உள்ள அரோமட்டேஸ் என்ற நொதி பிடித்து, ஈஸ்ட்ரோஜன் வகையில் ஒன்றான ஈஸ்ட்ரோனாக மாற்றிவிடுகிறது!

எலும்புக்கு இது ஏன் முக்கியம்? நம் எலும்புக்கூட்டில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் இடிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்படுகிறது, தெரியுமா? இடிக்கும் செல்களை அளவோடு அடக்கி வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன்தான். அது குறைந்ததும் இடிப்பு வேகமெடுக்கும், கட்டுமானம் பின்தங்கும். மாதவிடாய் நின்ற முதல் ஐந்தேழு ஆண்டுகளிலேயே சில பெண்கள் எலும்பு அடர்த்தியில் 20 சதவீதம் வரை இழந்துவிடுகிறார்கள்.

ஆக, ஒல்லியான பெண்ணுக்கு இரட்டை அடி. ஈஸ்ட்ரோன் தரக் கொழுப்பும் குறைவு, எலும்பை அழுத்தி வலுவாக்கப் பாரமும் குறைவு. பல நாடுகளில் சுமார் 60,000 ஆண், பெண்களைத் தொடர்ந்த ஆய்வுகளை 2005இல் ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பிஎம்ஐ 25 உள்ளவரைவிட 20 உள்ளவருக்கு இடுப்பு எலும்பு முறியும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு! 'அவளுக்கென்ன, கொடி மாதிரி இருக்கா' என்று இனி அறுபது வயதுக்காரியைப் பாராட்டும் முன் யோசிக்க வேண்டும்.

அப்படியானால் தட்டு நிறைய பஜ்ஜியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாமா? அவசரப்படாதீர்கள். அதே கணக்கில் பிஎம்ஐ 25இலிருந்து 30க்கு ஏறியபோது ஆபத்து குறைந்தது வெறும் 17 சதவீதம். அதைவிட வியப்பு 2011இல் வந்தது. பத்து நாடுகளில், 55 வயதைக் கடந்த 60,000 பெண்களை ஆராய்ந்தபோது, உடல் பருமன் உள்ளவர்களுக்கும் எலும்பு முறிவு மற்றவர்களுக்கு ஏற்பட்ட அளவுக்கே ஏற்பட்டிருந்தது! முறிந்த இடம்தான் வேறு. மணிக்கட்டு தப்பியது, கணுக்கால் மாட்டிக்கொண்டது. இன்னொன்றும் உண்டு: இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஸ்கேனில் எலும்பு அடர்த்தி நன்றாகவே தெரியும், ஆனாலும் எளிதில் முறியும். சர்க்கரை இல்லாத வீடு அபூர்வமாகிவிட்ட நம் ஊரில் இதைத் தனியாகவே எழுத வேண்டும்.

கொழுப்பு கேடயமில்லை என்றால் எலும்பு கேட்பதுதான் என்ன? பாரம்! எலும்புக்குள்ளே சுமார் 4,200 கோடி ஆஸ்டியோசைட் செல்கள் புதைந்து கிடக்கின்றன. எங்கே எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று உணர்வதே அவற்றின் வேலை. சுமக்கும் பாரத்துக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்ளும் என்று ஜெர்மன் அறுவை மருத்துவர் ஜூலியஸ் வுல்ஃப் 1892இலேயே எழுதிவிட்டார். டென்னிஸ் வீரர்களின் மட்டை பிடிக்கும் கை எலும்பு மற்றக் கையைவிடப் பருத்திருக்கும். எடையே இல்லாத விண்வெளியிலோ, வீரர்களின் இடுப்பு எலும்பு மாதம் ஒரு சதவீதத்துக்கு மேல் கரைகிறது!

இதில் ஆஸ்திரேலியப் பெண்கள் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மாதவிடாய் நின்ற, எலும்பு ஏற்கெனவே மெலிந்துபோன பெண்களை கிரிஃபித் பல்கலைக்கழகத்தார் பயிற்சியாளரின் கண்காணிப்பில் கனமான பளு தூக்க வைத்தார்கள். வாரம் இருமுறை, தலா அரை மணி நேரம், எட்டு மாதம். தூக்கியவர்களின் முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் ஏறியது. வீட்டில் லேசான உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் இறங்கியது!

எடையைக் குறைக்கும்போது எலும்பும் சேர்ந்து குறைகிறது என்பது பலருக்குத் தெரியாது. பருமனான முதியவர்களை உணவுக் கட்டுப்பாட்டில் வைத்து 2017இல் செய்த அமெரிக்க ஆய்வில், நடை போன்ற பயிற்சி மட்டும் செய்தவர்களின் இடுப்பு எலும்பு 3 சதவீதம் மெலிந்தது, பளு தூக்கியவர்களுக்கு அரை சதவீதம்தான். டயட் இருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பளுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. ஆசியப் பெண்களுக்காகவே 2001இல் உருவானது. இதற்கு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ வேண்டாம். எடையிலிருந்து வயதைக் கழியுங்கள், 0.2ஆல் பெருக்குங்கள். 68 வயது, 42 கிலோ என்றால் விடை மைனஸ் 5.2. மைனஸ் 4க்கும் கீழே போனால் எலும்புப்புரைக்கான ஆபத்து அதிகம். மைனஸ் 1க்கு மேலே இருந்தால் குறைவு. இது நோயைக் கண்டுபிடிப்பதில்லை, யாருக்கு எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் அவசியம் என்று காட்டுகிறது, அவ்வளவே. உங்கள் அம்மாவின் எடையையும் வயதையும் இன்றைக்கே கேட்டுப் போட்டுப் பாருங்கள். விடை கீழே போனால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.