தசை முந்தும், தசைநாண் பிந்தும்

எடைப் பயிற்சி, புள்ளிவிவரப்படி, ஆபத்தான விளையாட்டு அல்ல. பவர்லிஃப்டிங் வீரர்களுக்கு ஆயிரம் மணி நேரப் பயிற்சியில் 1 முதல் 4.4 காயங்கள் வரை ஏற்படுவதாக 2017இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று கணக்கிட்டது. உடலோடு உடல் மோதும் விளையாட்டுகளில் இதைவிட அதிகம். வாரம் ஐந்து மணி நேரம் பயில்பவருக்கு ஆயிரம் மணி நேரம் என்பது ஏறக்குறைய நான்கு ஆண்டு. ஆனால் இவை முறையாகப் பழகிய போட்டியாளர்களின் எண்கள். ஜிம்மில் சேர்ந்து மூன்றாவது மாதமே பக்கத்து ஆளைப் பார்த்து ராடில் பிளேட் ஏற்றுபவர் இந்தக் கணக்கில் இல்லை.

முதல் சில வாரங்களில் தூக்கும் எடை மளமளவென்று ஏறும். அதற்குள் தசை பெரிதாக வளர்ந்திருக்காது. இருக்கும் தசை இழைகளை ஒரே நேரத்தில் இயக்க நரம்பு மண்டலம் பழகிக்கொள்கிறது, அவ்வளவுதான். தசை தடிப்பது அதற்குப் பிறகு. தசையை எலும்போடு கட்டும் தசைநாண் பளுவுக்கு ஈடுகொடுத்து உறுதியாக இன்னும் பல மாதங்கள் ஆகும். அதில் ரத்த ஓட்டம் குறைவு.

தசைநாண் எவ்வளவு மெதுவானது என்பதை 2013இல் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் விசித்திரமான ஒரு வழியில் அளந்தார்கள். 1955க்கும் 1963க்கும் இடையே திறந்தவெளியில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14 கூடியது. அப்போது வளர்ந்துகொண்டிருந்தவர்களின் உடலிலும் அது சேர்ந்தது. பல பத்தாண்டுகள் கழித்து அவர்களுடைய குதிகால் தசைநாணின் உட்பகுதியைச் சோதித்தபோது அந்தக் கார்பன் அங்கேயே இருந்தது. தசையில் இல்லை. தசை தன்னைத் தொடர்ந்து புதுப்பித்துக்கொள்கிறது. அந்த நாணின் உட்பகுதியோ சுமார் 17 வயதுக்குப் பிறகு ஏறக்குறைய மாறுவதே இல்லை.

‘இன்னும் பத்து கிலோ ஏற்றலாம்’ என்ற உணர்வைத் தருவது தசை. அறுவது நாண். மார்புத் தசையின் நாண் அறுவது பெரும்பாலும் பெஞ்ச் பிரஸ்ஸில், அதுவும் ராடை மார்புக்கு இறக்கும்போது. டெட்லிஃப்டில் ஓர் உள்ளங்கையை முன்னோக்கியும் மற்றதைப் பின்னோக்கியும் வைத்துப் பிடிப்பவர்களுக்கு, முன்னோக்கிய கையில் முழங்கை அருகே பைசெப்ஸ் நாண் அறுவதுண்டு. ஸ்டீராய்டு ஊசி தசையை வேகமாகப் பெருக்கும். நாண் அந்த வேகத்துக்கு வராது.

முதுகின் கதை வேறு. முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டு, அதாவது டிஸ்க், வளர்ந்தவர்களின் உடலில் ரத்தக் குழாய் இல்லாத மிகப்பெரிய உறுப்பு. நரம்பு முனைகளும் அதன் வெளி விளிம்பில் மட்டுமே. உள்ளே தொடங்கும் கிழிசல் வலிக்காது. வலிக்கும்போது அது விளிம்பை எட்டியிருக்கும்.

1999இல் ஜெர்மனியின் உல்ம் நகர ஆய்வாளர்கள் 45 வயதுத் தன்னார்வலர் ஒருவரின் கீழ்முதுகு வட்டுக்குள் அழுத்தமானியைச் செருகினார்கள். ஒரே ஒருவர்தான். ஆனால் இதற்கு முதுகைக் கொடுப்பவர்கள் குறைவு. நிற்கும்போது அழுத்தம் 0.5 மெகாபாஸ்கல். 20 கிலோவை உடலோடு ஒட்டிப் பிடித்தபோது 1.1. அதையே முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7. முதுகை வளைத்துத் தூக்கியபோது 2.3. ஒரு பிளேட்டும் மாட்டாத ஒலிம்பிக் ராடின் எடை 20 கிலோ.

நேரமும் சேர்கிறது. இரவு படுத்திருக்கையில் வட்டு நீரை உறிஞ்சி உப்பும். எழுந்து நடமாடும்போது அந்த நீர் வெளியேறும். பகல் முழுவதும் குறையும் உயரத்தில் பாதிக்கு மேல் முதல் ஒரு மணி நேரத்திலேயே குறைந்துவிடும். உப்பிய வட்டு வளைய மறுக்கும். அதிகாலையில் குனியும்போது வட்டில் விழும் வளைவு விசை, மாலையில் இருப்பதைவிட மூன்று மடங்கு கூடுதல் என்று 1987இல் கணக்கிட்டார்கள். ஐந்து மணிக்கு எழுந்து ஐந்தரைக்கு டெட்லிஃப்ட் செய்பவர் இந்த எண்ணைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இடுப்பு பெல்ட் காக்கும் என்பது பரவலான நம்பிக்கை. அமெரிக்கக் கடைகளில் சரக்கு தூக்கும் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களைக் கவனித்து 2000இல் வெளியான ஆய்வில், பெல்ட் கட்டியவர்களுக்கு முதுகுவலி குறையவில்லை.

மூச்சை அடக்கி முக்கும்போது ரத்த அழுத்தம் எகிறுகிறது. 1985இல் கனடாவில் ஐந்து பாடிபில்டர்களின் தமனிக்குள் குழாய் செலுத்தி அளந்தார்கள். லெக் பிரஸ்ஸில் சராசரி 320/250. ஒருவருக்கு 480/350ஐத் தாண்டியது. இயல்பான அளவு 120/80. தன் ரத்த அழுத்தத்தை ஒருமுறைகூட அளந்து பார்க்காதவர் எந்த எண்ணிலிருந்து தொடங்குகிறார் என்பது அவருக்கே தெரியாது.

ஆபத்து வர எடை அதிகமாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. 2011 ஜனவரியில் அயோவா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணி மூன்று வார விடுமுறை முடிந்து திரும்பியது. உச்ச எடையில் பாதியை வைத்து 100 ஸ்குவாட் செய்யச் சொன்னார்கள். ஒரு வாரத்துக்குள் 13 வீரர்கள் மருத்துவமனையில். ராப்டோமயோலிசிஸ்: தசை இழைகள் சிதைந்து, அவற்றின் மயோகுளோபின் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை. சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போகும். அப்படிப் போனால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

2023 ஜூலையில் பாலித் தீவில் 33 வயது உடற்பயிற்சியாளர் 210 கிலோ ஸ்குவாட்டிலிருந்து எழ முடியாமல் சரிந்தார். ராடு கழுத்தில் விழுந்தது. 2025 பிப்ரவரியில் ராஜஸ்தானின் பிகானேரில் 17 வயது பவர்லிஃப்டிங் வீராங்கனைக்கு 270 கிலோவில் அதுவே நடந்தது. இருவரும் இறந்தார்கள். இருவரும் தனியாகப் பயிலவில்லை. பின்னால் ஆள் நின்றிருந்தார். 270 கிலோ சரியும்போது அதைத் தாங்கும் கைகள் யாருக்கும் இல்லை. ரேக்கின் இரு பக்கமும் குறுக்கே செருகும் இரும்புப் பாதுகாப்புக் கம்பிகள் தாங்கும். நீங்கள் முழுதாக உட்காரும்போது ராடு வரும் மட்டத்துக்குச் சற்றுக் கீழே அவற்றைப் பொருத்திக்கொள்ளுங்கள். அவை இல்லாத ஜிம்மில் ஸ்குவாட் எடையைக் கூட்ட வேண்டாம்.